தைப் பனி கீழே விழுவதில்லை

தை மாதத்து விடியற்காலையில் வேடந்தாங்கல் ஏரிக்கரை மீது ஒருமுறையேனும் நின்றவர்களுக்கு அந்தக் குளிரை விளக்க வேண்டியதில்லை. கரையோரப் புல்லில் பத்தடி நடந்தால் கணுக்கால் நனைந்துவிடும். நீரின் மேல் மெல்லிய பனித்திரை படர்ந்திருக்கும். நடு ஏரியில், பாதி நீரில் மூழ்கி நிற்கும் கடம்ப மரங்களில் கூழைக்கடாக்களும் நத்தைக்குத்தி நாரைகளும் இறகுக்குள் அலகைப் புதைத்து அமர்ந்திருக்கும். கிழக்கு வெளுக்கும் முன்னர் உள்ள அந்த அரைமணி நேரக் குளிரைத்தான் நம் முன்னோர் 'தைப் பனி தரையைத் துளைக்கும்' என்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு விடியலில் தமிழ்த்துறை மாணவர்களை அங்கு அழைத்துச் சென்றிருந்தேன். முன்பனி, பின்பனி எனப் பனிக்காலத்தை இரண்டாகப் பகுத்த இலக்கணத்தை வகுப்பறைச் சுவருக்குள் நடத்துவதைக் காட்டிலும் கரைமேல் நின்று நடத்தலாம் என்பது என் எண்ணம். எங்களுடன் இயற்பியல் துறை நண்பர் ஒருவரும் வந்திருந்தார். அவர் கையில் துப்பாக்கி வடிவிலான ஒரு கருவி. பெருந்தொற்றுக் காலத்தில் கல்லூரி வாயில்தோறும் நம் நெற்றிக்கு நேரே நீட்டப்பட்டதே, அதன் இனத்தைச் சேர்ந்தது; தொழிற்கூடங்களில் பயன்படுவது. தொடாமலேயே ஒரு பொருளின் வெப்பத்தைச் சொல்லும்.

நண்பர் அதை முதலில் புல்லை நோக்கிப் பிடித்தார். காற்றைவிடப் புல் குளிர்ந்திருந்தது. பின்னர் தலைக்கு மேலே தெளிந்த வானை நோக்கி உயர்த்தினார். எண்கள் சரசரவென்று இறங்கின. அப்போது மேற்கிலிருந்து சிறு மேகமொன்று நகர்ந்து வந்து கருவியின் பார்வையை மறைத்தது. எண்கள் மீண்டும் ஏறின.

"ஐயா, மேகம் வானத்தைவிடச் சூடா?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

என்னால் விடை சொல்ல இயலவில்லை. நண்பர் சொன்னார்: "மேகம் மூடினா கதவு சாத்தின மாதிரி. மேகம் இல்லேன்னா கதவு திறந்திருக்கு. தரையோட சூடெல்லாம் அந்த வழியாத்தான் போகுது."

அந்தக் கதவைக் கண்டறிந்து அளந்தவர்கள் யார் என்று பிற்பாடு தேடிப் படித்தேன். அந்தத் தேடல் என்னை லண்டனுக்குக் கொண்டு சென்று, அங்கிருந்து பூனா வழியாகச் சென்னை மாநிலக் கல்லூரியின் வாசலிலேயே கொண்டுவந்து விட்டது. அதைப் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

*

'பனி பெய்கிறது', 'பனி இறங்குகிறது' என்கிறோம். மழையைப் போலவே பனியும் மேலிருந்து வருவதாக மொழி நம்மைப் பழக்கியிருக்கிறது. நம் மொழி மட்டுமன்று; ஐரோப்பியரும் நெடுங்காலம் அவ்வாறே நம்பினர். அந்நம்பிக்கையை அசைத்தவர்களுள் முதன்மையானவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற லண்டன் மருத்துவர். 1814ஆம் ஆண்டு அவர் பனித்துளி பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதற்காக அவர் செய்த சோதனைகளுள் ஒன்று மிக எளியது. புல்தரையில் நான்கு குச்சிகளை நட்டு, அவற்றின் மேல் மெல்லிய கைக்குட்டை ஒன்றை அரையடி உயரத்தில் விரித்துக் கட்டினார். கைக்குட்டைக்குக் கீழிருந்த புல், திறந்த வானின் கீழிருந்த புல்லைப் போல் குளிரவில்லை.

அதாவது குளிர் மேலிருந்து விழவில்லை. புல்லின் வெப்பமே மேல்நோக்கி வெளியேறுகிறது. அவ்வாறு குளிர்ந்த புல்லைத் தொடும் காற்றின் ஈரம் துளியாகத் திரள்கிறது. கைக்குட்டை அந்த வெளியேற்றத்தைத் தடுத்துவிட்டது. பனியில் வெளியே போகாதே, தலையில் துணியைப் போட்டுக்கொள் என்று அதட்டிய நம் பாட்டிமாரும், காரணத்தை வேறாகச் சொன்னாலும், அதே கைக்குட்டையைத்தான் கட்டச் சொன்னார்கள்.

வெல்ஸ் தம் வாதத்துக்குத் துணையாக எடுத்துக்கொண்ட சான்றுகளுள் ஒன்று இந்தியாவிலிருந்து சென்றது. அலகாபாத் பகுதியில் பனிக்கட்டி செய்யும் முறையை விவரித்து ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயர் 1775ஆம் ஆண்டு ராயல் சொசைட்டிக்கு எழுதியிருந்தார். ஆழமற்ற பள்ளங்களில் கரும்புத் தட்டையும் சோளத் தட்டையும் பரப்பி, அவற்றின் மேல் மெருகிடாத மண்தட்டுகளில் நீரூற்றி வைப்பார்கள். காற்றில்லாத தெளிந்த இரவாக இருந்தால், சுற்றியுள்ள காற்று உறைநிலைக்குக் குளிராதபோதும் விடிவதற்குள் தட்டில் பனிக்கட்டி படரும். பெயர் தெரியாத அந்தத் தொழிலாளர்கள் வானின் கதவு எந்த இரவில் திறந்திருக்கும் என்பதை அறிந்திருந்தார்கள். அவர்களிடம் இல்லாதது அளக்கும் கருவி.

*

அந்த வெளியேற்றம் எவ்வடிவில் நிகழ்கிறது? 1800ஆம் ஆண்டு வில்லியம் ஹெர்ஷல் முப்பட்டகத்தால் சூரிய ஒளியை நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு எதுவுமே தெரியாத இடத்தில், வெப்பமானி மிகுதியாக ஏறியது. அகச்சிவப்புக் கதிர் என்று இன்று நாம் அழைப்பது அதுவே. அதற்கு இரண்டாண்டுகள் முன்னர், 1798இல்தான், செங்கல்பட்டுச் சீமையின் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ், வேடந்தாங்கல் பறவைகளை எவரும் சுடலாகாது என்று ஊராருக்குக் கௌல் எழுதிக் கொடுத்தார். இரண்டுக்கும் தொடர்பு ஏதுமில்லை. காலத்தை நினைவில் நிறுத்திக்கொள்ள மட்டும் சொல்கிறேன்.

சூரியன் வெண்சூடாக எரிவதால் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அதையொட்டிய அகச்சிவப்பையும் உமிழ்கிறது. நாம், புல், ஏரி, கடம்ப மரம் யாவும் இளஞ்சூட்டில் இருப்பவை. ஆகவே அலைநீளம் மிகுந்த அகச்சிவப்பை உமிழ்கிறோம். இரவும் பகலும் உமிழ்கிறோம். கண் அவ்வொளிக்குக் குருடு.

இந்த நீண்ட அலைக்கதிர் காற்றினூடே எவ்வளவு செல்கிறது என்பதை ஆய்வுக்கூடத்தில் முதன்முதலாகச் செம்மையாக அளந்தவர் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனைச் சேர்ந்த ஜான் டிண்டல். அவருக்கு மூன்றாண்டுகள் முன்பே, 1856இல், யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்து, கரியமில வாயு மிகுதியாகச் சூடேறுவதைக் காட்டியிருந்தார். ஆனால் கண்ணாடி வழியாக நீண்ட அலைக் கதிர் செல்லாது. நம் கண்ணுக்குத் திறந்த சாளரமாகத் தோன்றும் கண்ணாடி, அக்கதிருக்குச் செங்கல் சுவர். ஆகவே தரையிலிருந்து எழும் வெப்பத்தைத் தனியே பிரித்தறிய அவருடைய கருவியால் இயலவில்லை.

டிண்டலுக்கும் அதே இடர். நான்கடி நீளப் பித்தளைக் குழாய் ஒன்றில் வாயுவை அடைத்து, ஒரு முனையில் கொதிநீர்ப் பெட்டியை வைத்து, மறுமுனையில் வெப்பத்தை மின்னாக மாற்றும் அடுக்கை வைக்க வேண்டும். வாயு வெளியேறாமல் குழாயின் இரு முனைகளையும் எதனால் மூடுவது? அவர் கண்ட விடை உப்பு. நம் நாட்டு மருந்துக்கடையில் இந்துப்பு என்று கேட்டால் கொடுக்கும் அதே கல்லுப்பின் தெளிந்த பெரும் படிகங்களை இழைத்துத் தகடாக்கிப் பொருத்தினார். உப்பின் வழியே அகச்சிவப்பு தங்குதடையின்றிச் செல்லும். நம் கேளம்பாக்கத்து உப்பளங்களில் விளையும் பொடிப் படிகம் இதற்கு உதவாது. சுரங்கத்தில் கிடைக்கும் குறையற்ற பெருங்கட்டி வேண்டும். அதிலும் காற்றின் ஈரம் பட்டால் தகடு மங்கிவிடும். ஈரத்தை அளக்கவந்த கருவியின் சாளரம் ஈரத்துக்கு அஞ்சுவது!

மற்றொரு சிக்கல் இன்னும் நுட்பமானது. கொதிநீரின் கதிர் பேரளவு. வாயு விழுங்குவது சிற்றளவு. பெரிய எண்ணில் சிறு குறைவைக் காண்பது அரிது. ஆகவே அடுக்கின் மறுபக்கத்தில் இன்னொரு கொதிநீர்ப் பெட்டியை வைத்து, தராசைப் போல இரண்டையும் சமன் செய்து முள்ளைச் சுழியத்தில் நிறுத்தினார். இப்போது வாயு சிறிதளவே விழுங்கினாலும் முள் சாயும். 1859இல் கிடைத்த விடை அவரையே வியக்க வைத்தது. காற்றின் பெரும்பகுதியான நைட்ரஜனும் ஆக்சிஜனும் கதிரை ஏறக்குறைய முழுதாக விட்டுவிடுகின்றன. மிகச் சிறு பங்கேயான நீராவியும் கரியமில வாயுவும் அதை விழுங்குகின்றன. கதவைச் சாத்துவது மேகம் மட்டுமன்று. கண்ணுக்குத் தெரியாத ஈரமும் பாதி சாத்துகிறது.

*

குழாயிலுள்ள காற்று வேறு. தலைக்கு மேலுள்ள காற்று வேறு. வானத்தையே குழாயாகக் கொள்ள வேண்டுமெனில் மலை தேவை. அடிவாரத்தில் ஒரு கருவி, உச்சியில் ஒரு கருவி. இரண்டுக்கும் இடைப்பட்ட காற்று விழுங்கியதே வேறுபாடு. இந்தியாவில் ஹென்னெஸி என்ற நில அளவைத்துறை அலுவலர் 1869இல் டேராடூனிலும் அதற்கு மேலுள்ள முசூரியிலும் சூரிய வெப்பத்தை இவ்வாறு அளந்தார். அமெரிக்காவில் சாமுவேல் லாங்லி, போலோமீட்டர் என்ற கருவியை உருவாக்கி 1881இல் விட்னி மலைக்குக் கொண்டு சென்றார். கரிபூசிய மிக மெல்லிய பிளாட்டினப் பட்டை அதன் உயிர். வெப்பம் பட்டால் உலோகத்தின் மின்தடை சற்றே கூடும்; அச்சிறு மாற்றத்தை மின்சுற்று காட்டிக்கொடுக்கும். அதைக்கொண்டு எந்த அலைநீளம் தப்பி வருகிறது, எது இடையில் விழுங்கப்படுகிறது என்று நிரல்படுத்தினார். பின்னாளில் கிடைத்த தெளிவின்படி, ஏறத்தாழ 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளங்களுக்குக் காற்றுமண்டலம் பெரிதும் திறந்திருக்கிறது. வானியலார் அதனைச் சாளரம் என்றே அழைக்கின்றனர். எங்கள் நண்பரின் துப்பாக்கி எட்டிப் பார்த்தது அந்தச் சாளரத்தின் வழியேதான்.

*

ஆனால் விட்னி மலையின் வறண்ட வானம் வேடந்தாங்கலின் வானம் அன்று. கடலிலிருந்து எட்டும் தொலைவில், ஏரிகள் நிறைந்த மண்ணில், சாளரம் எவ்வளவு திறந்திருக்கும் என்பதை யாரேனும் இங்கேயே அளந்தாக வேண்டும். இனி வருவோர் அதைச் செய்தவர்கள்.

பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரகாரத்தில் 1893இல் பிறந்தவர் கே. ஆர். ராமநாதன். பாலக்காடு அன்று சென்னை மாகாணத்தின் பகுதி. மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்று, கல்கத்தாவில் ராமனிடம் ஆய்வு செய்து, 1925இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். பாலக்காட்டிலேயே 1900இல் பிறந்து, அவரும் ராமனிடம் பயின்று, அதே துறைக்கு வந்தவர் எல். ஏ. ராமதாஸ். இருவரும் பூனாவில் இரவு வானின் கதிர்வீச்சை ஆராய்ந்தனர்.

அக்காலத்தில் இதற்கெனப் புழங்கிய கருவி ஸ்வீடன் நாட்டு ஆங்ஸ்ட்ரோம் செய்தது. மெல்லிய உலோகப் பட்டைகள் சில. சில கரிபூசியவை, சில பொன்முலாம் பூசியவை. இரவில் வானை நோக்கி வைத்தால் கரும்பட்டை வெப்பத்தை மிகுதியாக உமிழ்ந்து குளிரும்; பொற்பட்டை அவ்வளவு குளிராது. கரும்பட்டைக்குள் மின்சாரம் செலுத்தி இரண்டையும் சமமாக்கினால், செலுத்திய மின்சாரமே வெளியேறிய வெப்பத்தின் அளவு. மேலே கண்ணாடி மூடி கிடையாது. ஏன் என்பது இப்போது விளங்கும். காற்றின் ஈரத்தைக் கொண்டு வானின் கதிர்வீச்சைக் கணிக்கும் ஆங்ஸ்ட்ரோம் வாய்பாடு அளவீடுகளிலிருந்து மட்டுமே எழுந்தது. அது ஏன் பொருந்துகிறது என்பதற்கான அடிப்படையை ராமநாதனும் ராமதாஸும் 1935இல் வருவித்துக் காட்டினர்.

ஆயினும் ராமதாஸின் பெயர் நிலைத்திருப்பது வேறொன்றால். தெளிந்த இரவில் தரையே முதலில் குளிர்கிறது. ஆகவே தரையே மிகக் குளிர்ந்த இடம். மேலே போகப்போகக் குளிர் குறையும். பாடநூல் இப்படித்தான் சொன்னது. 1932இல் ராமதாஸும் ஆத்மநாதனும் புல்லற்ற வெறுந்தரைக்கு மேல் வெவ்வேறு உயரங்களில் வெப்பமானிகளை நிறுத்திப் பார்த்தபோது, மிகக் குளிர்ந்த இடம் தரையில் இல்லை. சில பத்து சென்டிமீட்டர் உயரத்தில், கால்முட்டு மட்டத்தில், காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

உலகம் இதை எளிதில் ஏற்கவில்லை. கருவிப் பிழையாயிருக்கலாம், வேறெங்கிருந்தோ வழிந்துவந்த குளிர்காற்றாயிருக்கலாம் என்று ஐயுற்றனர். ஐயத்துக்கு இடமும் இருந்தது. இத்துறையில் அளப்பவனின் இடர் அதுதான்: வெப்பமானியும் ஒரு பொருள்; அதுவும் கதிரை உமிழ்ந்து குளிரும். எரியும் விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு இருளை அளப்பது போன்றது இது. கருவி காட்டும் குளிர் காற்றினுடையதா, கருவியினுடையதா? முடிவு தெரியக் கால் நூற்றாண்டு ஆயிற்று. ராஷ்கே என்ற ஆய்வாளர் பூனாவிலேயே கவனமாக மீண்டும் அளந்து 1957இல் வெளியிட்டார். ராமதாஸ் கண்டது மெய் என்றாயிற்று. 1990களில் ரொத்தம் நரசிம்மாவும் உடனாய்வாளர்களும் பெங்களூரிலிருந்து கோட்பாட்டு விளக்கம் தந்தனர். தரையை ஒட்டிய காற்று, தன் ஈரத்தின் வாயிலாகத் தானே வானுக்குக் கதிர் உமிழ்ந்து, தரையைக் காட்டிலும் விரைவாகக் குளிர முடியும். காற்றில் மிதக்கும் நுண்துகள்களுக்கும் இதில் பங்குண்டு என்று 2010க்குப் பின் அதே நகரத்து ஜவஹர்லால் நேரு ஆய்வு மையத்தினர் வாதிட்டனர். இன்று அது 'ராமதாஸ் அடுக்கு' என்றே அறியப்படுகிறது.

*

தரையோரத்தை ராமதாஸ் அளந்தார். தரையிலிருந்து வானுச்சி வரை அளப்பது அன்னா மணியின் பணியாயிற்று. 1918இல் பீருமேட்டில் பிறந்த அன்னா மணி, எட்டாம் பிறந்தநாளில் வீட்டார் தந்த வைரத் தோட்டை மறுத்துக் கலைக்களஞ்சியம் கேட்டவர் என்பது பலரும் அறிந்த செய்தி. மாநிலக் கல்லூரியில் 1939இல் பட்டம் பெற்று, பெங்களூரில் ராமனின் ஆய்வகத்தில் அதே வைரங்களின் ஒளியை ஆராய்ந்தார். ஒளிப்படத் தகடு ஒன்று பதிவாகப் பதினைந்து இருபது மணி நேரம் ஆகும். இரவெல்லாம் ஆய்வகத்திலேயே இருப்பார். ஐந்து ஆய்வுக் கட்டுரைகளுக்குப் பிறகு முனைவர் பட்ட ஆய்வேட்டை அளித்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் சென்னைப் பல்கலைக்கழகம் பட்டத்தை மறுத்தது. ஆய்வேடு அளிப்போரின் படிவங்களை ஆண்டுதோறும் சரிபார்க்கும் என்னைப் போன்றோர் அடிக்கடி நினைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது.

1945இல் இங்கிலாந்து சென்று வானிலைக் கருவியியல் கற்று, 1948இல் திரும்பிப் பூனாவில் வானிலைத் துறையில் சேர்ந்தார். கருவிகள் பெரும்பாலும் கடல்கடந்து வந்த காலம். ஏறத்தாழ நூறு வானிலைக் கருவிகளுக்கு வரைபடங்களை நெறிப்படுத்தி உள்நாட்டிலேயே செய்வித்தார். தவறான அளவீட்டைக் காட்டிலும் அளவீடே இல்லாதிருப்பது மேல் என்பது அவர் கொள்கை. 1957-58இல் கொண்டாடப்பட்ட அனைத்துலகப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி நாட்டின் கதிர்வீச்சு அளவீட்டு நிலையங்களை அமைத்தார்.

அகச்சிவப்பை உயர்வானில் அளக்க அவர் பறக்கவிட்ட கருவியின் அடிப்படையை அமெரிக்காவின் சுவோமியும் கூனும் 1958இல் வகுத்திருந்தனர். எடையற்ற காப்புப் பொருளாலான தட்டைப் பெட்டி. அதன் மேல்முகமும் கீழ்முகமும் கருநிறம். மேல்முகம் வானைப் பார்க்கும்; கீழ்முகம் மண்ணைப் பார்க்கும். இரு முகங்களின் வெப்பத்தையும் தெர்மிஸ்டர் என்னும் சிறு உணரிகள் வானொலி வழியே கீழே அனுப்பும். இரண்டையும் கொண்டு மேலேறும் கதிர், கீழிறங்கும் கதிர், இவற்றின் நிகர வேறுபாடு ஆகியவற்றைக் கணக்கிடலாம். வெயில் பட்டால் எல்லாம் மறைந்துபோகும். ஆகவே இரவில்தான் பலூன் ஏறும்.

மேலேறும் பலூனில் காற்று வீசும். வீசினால் கருமுகத்தின் வெப்பத்தைக் காற்றே கொண்டு போய்விடும். மூட வேண்டும், ஆனால் கண்ணாடியால் மூடலாகாது. டிண்டலுக்கு வாய்த்த உப்புத்தகடு கனமானது, ஈரத்தில் கரைவது. இங்கே கைகொடுத்தது மெல்லிய பாலிதீன். ஏரிக்கரைப் பயணத்துக்குப் பின் நண்பர் எனக்கு இதைச் செய்து காட்டினார். அவர் முகத்துக்கும் துப்பாக்கிக்கும் இடையே கண்ணாடித் தகட்டைப் பிடித்தபோது எண்கள் கண்ணாடியின் வெப்பத்தையே காட்டின. மெல்லிய பாலிதீன் பையைப் பிடித்தபோதோ அவர் முகத்தின் சூட்டை ஏறக்குறைய அப்படியே காட்டின. கண்ணுக்குத் தெளிந்தது கதிருக்குச் சுவர். கண்ணுக்கு மங்கியது கதிருக்குச் சாளரம்.

அவ்வாறு இந்திய வானில் கிடைத்த அளவீடுகளை ஸ்ரீதரன், ஸ்ரீனிவாசன் ஆகியோருடன் சேர்ந்து அன்னா மணி 1965இல் அமெரிக்க ஆய்விதழில் வெளியிட்டார். அவர் 2001இல் மறைந்தார். முனைவர் பட்டம் இறுதிவரை இல்லை. மறுக்கப்பட்ட ஆய்வேடு பெங்களூர் ராமன் ஆய்வுக்கழக நூலகத்தில் மற்ற ஆய்வேடுகளோடு இருக்கிறது.

*

இன்று இவ்வகைக் கருவிகள் வானுக்கு அப்பாலிருந்தே கீழே பார்க்கின்றன. வடகிழக்குப் பருவத்தில் புயல் நெருங்கும் நள்ளிரவுகளில் தொலைக்காட்சியில் வெண்சுருளாகக் காணும் படம் அகச்சிவப்பில் எடுத்தது. இருளில் நம் வெறுங்கண்ணால் புயலை அவ்வாறு காண இயலாது. 2013இல் ஏவப்பட்ட இன்சாட்-3டி போன்ற செயற்கைக்கோள்கள் சாளரம் திறந்த அலைநீளத்தில் மேகத்தையும் தரையையும் பார்க்கின்றன. சாளரம் மூடிய அலைநீளத்தில் நீராவியையே பார்க்கின்றன. எந்த அலைநீளத்தில் கதவு திறந்திருக்கும் என்று அறிந்திராவிடில் அந்தக் கருவியை வடித்திருக்கவே முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இரவெல்லாம் அப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இம்மாவட்டத்தார் உப்புத்தகட்டுக்கும் பாலிதீன் பெட்டிக்கும் கடன்பட்டவர்கள்.

ராமதாஸும் ஆத்மநாதனும் பயன்படுத்தியவை அடிப்படையில் வெப்பமானிகள்தாம். பாடநூலுக்கு முரணான எண் வந்தபோது எண்ணைத் திருத்தாமல் எழுதி வைத்தார்கள். அதுவே அவர்கள் செய்த அருஞ்செயல். இலக்கிய மாணவர்களுக்கும் இப்பாடம் வேண்டியதே. ஓலைச்சுவடியில் எதிர்பாராத பாடம் கிடைக்கும்போது, ஏடெழுதியவன் பிழை என்று உடனே திருத்திவிடத் துடிக்கும் கை நம்முடையது.

'பனி பெய்கிறது' என்றுதான் நான் இனியும் சொல்வேன். மொழிக்கு அதற்கான உரிமை உண்டு. ஆனால் வேடந்தாங்கல் செல்லும் அடுத்த தை மாதத்தில், ஏரியை அடுத்த உழுதுபோட்ட வெறுந்தரையில், மூங்கில் கழியொன்றில் முழத்துக்கு ஒன்றாக வெப்பமானிகளைக் கட்டி வைப்பதென்று நானும் நண்பரும் முடிவு செய்திருக்கிறோம். கேள்வி கேட்ட மாணவி இப்போது ஒரு பள்ளியில் தமிழாசிரியை. அவளும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். எந்த முழத்தில் குளிர் மிகுதி என்று விடியும் முன் அவள்தான் படித்துக் குறிக்க வேண்டும்.